மைக்செட் அழகுமலை ரத்தம் கேட்ட கதை

சின்னமனூர்க் கடைவீதியில் அழகுமலையின் குரல் கேட்டால் தராசு பிடித்த கை அப்படியே நிற்கும். "யாராம்?" என்று ஒருவர் கேட்பார். பெயர் காதில் விழுந்ததும் "அடப்பாவமே, நல்ல மனுசனாச்சே" என்று நாலு பேர் சொல்ல, தராசு மறுபடி ஆடும். நல்ல மனுசன் என்பது செத்தவர் எல்லாருக்கும் ஊர் இலவசமாகக் கொடுக்கிற பட்டம். அதைக் குறை சொல்வதற்கில்லை.

அழகுமலை மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய் போகும். ஆனால் அங்கெல்லாம் பாட்டுத்தான் பேசும், அவர் பேச வேண்டியதில்லை. கட்சிக் கூட்டமென்றால் கட்சிக்காரர்கள் பேசுவார்கள்; அவர்கள் கையிலிருந்து மைக்கைத் திரும்ப வாங்குவதுதான் பெரும்பாடு. அழகுமலை தானே வாய் திறப்பது சாவுக்கு மட்டும். ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய்களைக் கட்டி, மடியில் ஆம்ப்ளிஃபையரை வைத்துக்கொண்டு, தெருத்தெருவாகப் போய்ச் செய்தி சொல்வார். வெண்கலக் குரல். பதினைந்து வருஷத்தில் ஒரு பெயரையும் அவர் தப்பாகச் சொன்னதில்லை, சாகாத ஒருவரையும் செத்ததாகச் சொன்னதில்லை. 1997 ஆனி மாதம் வரைக்கும்.

ஊரில் இன்னொரு மைக்செட்டும் இருந்தது. அது அம்மாவாசியுடையது. அழகுமலையை விட ஐந்து வயது மூத்தவர், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தார். பெண்டாட்டி பிள்ளை கிடையாது, கூடப்பிறந்தவர்களும் கிடையாது. அவர் குரல் தகர டப்பாவுக்குள் ஆணியைப் போட்டு ஆட்டுவது போல இருக்கும். இரண்டு பேருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அனுமந்தன்பட்டியில் ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டார் அழகுமலையையும் மாப்பிள்ளை வீட்டார் அம்மாவாசியையும் சொல்லிவிட, இரண்டு பேரும் எதிரும் புதிருமாகக் குழாயைக் கட்டி, யார் சத்தம் பெரிது என்று திருகிக்கொண்டே போய்விட்டார்கள். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் யாருக்கும் கேட்கவில்லை. அடுத்த நிமிஷம் கரண்டும் போய்விட்டது. மாப்பிள்ளை இருட்டில் தடவிப் பார்த்துத் தாலி கட்டினார் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை.

இனி அந்த ஆனி மாதத்துக்கு வருவோம்.

அழகுமலைக்கும் மாயக்காளுக்கும் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத்தான் பிள்ளை உண்டானது. டாக்டர் ஜெபஷீலாவின் சின்ன ஆஸ்பத்திரியில் விடியற்காலை பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஒன்றும் குறைவில்லை. தாய்க்குத்தான் ரத்தப்போக்கு நிற்கவில்லை. எட்டு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார்.

"அழகுமலை, முன்னாடியே வாங்கி வச்ச பாட்டில் ஏறிக்கிட்டு இருக்கு. இன்னும் மூணு வேணும். மாயக்காளுக்கு ஓ நெகட்டிவ், லேசுல கெடைக்காத ரத்தம். மதுரைக்குக் கார் அனுப்பிருக்கேன், போய்ட்டு வர மத்தியானம் ஆயிரும். அதுவரைக்கும் பெத்தவ தாங்க மாட்டா. ஊருக்குள்ள யாராச்சும் இருக்காகளான்னு பாருங்க."

ஊருக்குள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்க அழகுமலைக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஓடிப்போய்க் குழாயைக் கட்டினார். ஆட்டோ கிளம்பியது. மைக்கைப் பிடித்ததும் நாக்கு பழகிய தடத்திலேயே போயிற்று.

"மேலத்தெரு மைக்செட் அழகுமலையின் மனைவி மாயக்காள் அவர்கள்..."

அதற்கு மேல் தொண்டை அடைத்துக்கொண்டது. இரண்டு தடவை இருமி, கண்ணைத் துடைத்து, "பிரசவத்தில் ரத்தம் இழந்து உயிருக்குப் போராடுகிறார், ஓ நெகட்டிவ் ரத்தம் உள்ளவர்கள் உடனே வரவும்" என்று சொல்வதற்குள் ஆட்டோ அடுத்த தெருவுக்குத் திரும்பிவிட்டது. முதல் தெருவுக்குப் பெயர் மட்டும் கிடைத்தது. அடுத்த தெருவில் மறுபடி பெயரைச் சொன்னார், மறுபடி தொண்டை அடைத்தது. சொல்லி முடித்திருந்தாலும் பெரிதாகப் பலன் இருந்திருக்காது. அந்தக் குரலில் பெயர் வந்த பிறகு மிச்சத்தைக் கேட்டு யாருக்கும் பழக்கமில்லை. போதாக்குறைக்கு அவர் "அவர்கள்" வேறு போட்டுவிட்டார். உயிரோடு இருக்கிற மாயக்காளை ஊரில் யாரும் அவர்கள் என்று சொன்னது கிடையாது.

அரை மணி நேரத்தில் பூக்கடையில் மாலை தீர்ந்துவிட்டது. மேலத்தெருப் பெண்கள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழகுமலை வீட்டு வாசலுக்கு வந்தார்கள். வீடு பூட்டியிருந்தது. "இன்னும் ஆசுபத்திரியிலருந்து குடுத்திருக்க மாட்டாக" என்று ஒருவர் விவரமாகச் சொல்ல, கூட்டம் மாலையும் கையுமாக ஆஸ்பத்திரிக்குத் திரும்பியது.

அழகுமலை ஊரைச் சுற்றிவிட்டு, ஒரு ஆள்கூடக் கிடைக்காமல், ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அங்கே நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாலையோடு நின்றார்கள். அவரைப் பார்த்ததும் பெண்கள் ஓவென்று அழுதார்கள். அவருக்குப் புரிந்துவிட்டது. மாலையோடு நிற்கிற கூட்டத்துக்கு வேறு என்ன பொருள் இருக்க முடியும்? பதினைந்து வருஷம் ஊருக்குச் சாவு சொன்னவருக்கு, ஊர் திரண்டு வந்து அவர் வீட்டுச் சாவைச் சொன்னது. அப்படியே ஆம்ப்ளிஃபையரின் மேல் கவிழ்ந்துவிட்டார்.

அழுகைச் சத்தம் கேட்டு டாக்டர் ஜெபஷீலா வெளியே வந்தார். கோபம் வந்தால் அந்த அம்மாவுக்கு மைக் தேவையில்லை.

"யாரு செத்தா? யாருக்கு இந்த மாலை? உள்ள அந்தப் பொண்ணு உசுரோட படுத்திருக்கு! ரத்தந்தான் இல்ல. வந்ததுதான் வந்தீக, மாலையக் கீழ வச்சுட்டுக் கையை நீட்டுங்க!"

பிறகு ஒருவர் மாலையை வேலிக்கம்பியில் மாட்டிவிட்டுச் சட்டைக் கையை மடக்கினார். பரிசோதனை நிலையம் வைத்திருந்த செல்வின் வாசலிலேயே பெஞ்சைப் போட்டு, கண்ணாடித் தகடுகளை அடுக்கி, விரல் விரலாகக் குத்த ஆரம்பித்தார். ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று நழுவியவர்களும் உண்டு. அவர்களில் சிலர் இன்னும் வரவில்லை. ஆனால் பெரும்பாலோர் வரிசையில் நின்றார்கள். சாவுக்கு வந்தவர்கள் ஒரு உயிருக்காக நின்றதை அழகுமலை பார்த்துக்கொண்டே இருந்தார், கும்பிடக்கூடக் கை எழவில்லை.

ஐம்பத்தோராவது ஆள் பொன்னுராஜ், திராட்சைத் தோட்டக்காரர். கன்னம் வரை மீசை. அவருக்கு ஓ நெகட்டிவ் என்று தெரிந்ததும் மீசை நடுங்கியது. ஊசி போடும்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குலசாமி பெயரைச் சொன்னார். தொண்ணூற்றிரண்டாவது ஆள் வீரபாண்டி வாத்தியார். அதோடு நின்றுவிட்டது. நூற்று முப்பத்தாறு பேரைக் குத்தியாயிற்று, மூன்றாவது ஆள் இல்லை. இன்னும் ஒரு பாட்டில் இருந்தால்தான் மதுரைக் கார் வரும்வரை தாக்குப் பிடிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில் தோளில் டியூப்லைட்டுக் கட்டோடு ஒருவர் வந்தார். அம்மாவாசி. மைக்செட்டுக்காரன் வீட்டுச் சாவுக்கு வேறு யார் லைட் கட்டுவார்கள் என்று, யாரும் சொல்லாமலே மேலத்தெருவுக்குப் போய், பூட்டிய வீட்டு வாசலில் தனியாளாக நின்று பந்தக்கால் நட்டு லைட் கட்டிக்கொண்டிருந்தாராம். யாரோ போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

"எழவுன்னு சொன்னாக, வந்து கட்டுனேன். எழவு இல்லேன்னா அவுத்துக்கிட்டுப் போறேன். நல்லதுதான்" என்றார் யாரையும் பார்க்காமல்.

"அண்ணே, அந்த வெரலக் குடுங்க" என்று செல்வின் கையைப் பிடித்துக்கொண்டார். நூற்று முப்பத்தேழாவது விரல். தகட்டில் மருந்தை விட்டு ஆட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு தகட்டைத் தூக்கிக்கொண்டு "டாக்டர்!" என்று கத்தியபடி உள்ளே ஓடினார்.

மாயக்காள் பிழைத்தாள்.

வேலியில் தொங்கிய மாலைகளை என்ன செய்வது என்றுதான் ஊருக்குத் தெரியவில்லை. சாவுக்கு வாங்கிய மாலையைச் சாமிக்கும் போட முடியாது, வீட்டுக்கும் கொண்டு போக முடியாது. சாயங்காலத்துக்குள் ஆடுகள் அந்தப் பிரச்சினையைத் தீர்த்து வைத்தன.

ஒரு மாதம் கழித்து, குழந்தைக்கு அபிதா என்று பெயர் வைத்தபின், அழகுமலை நன்றி சொல்லக் கிளம்பினார். பொன்னுராஜிடம் சொல்வது சுலபமாக இருந்தது. அவர் இரண்டு கிலோ திராட்சையைக் கொடுத்து அனுப்பினார். வாத்தியாரிடமும் சொல்லிவிட்டார். அம்மாவாசியிடம்தான் எப்படிச் சொல்வது? மேடையில் "நன்றி, வணக்கம்" என்று நாளுக்குப் பத்துத் தடவை கேட்ட காதுதான். ஆனால் நேருக்கு நேர், ஒரு மனுஷனிடம், அதுவும் ஆறு வருஷம் முகம் திருப்பிய மனுஷனிடம் அந்த வார்த்தை வாயில் வருமா? தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் ஒரு வேட்டியும் வைத்து மாயக்காள் கொடுத்தனுப்பினாள். அம்மாவாசி தட்டையும் அவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"என்னலே தட்டு? என்னயப் பொண்ணு கேட்டு வந்தியாக்கும்?"

"மாயக்கா குடுத்துவிட்டா."

"நல்லாருக்காளா?"

"நல்லாருக்கா."

"அப்பறம் என்ன? தூக்கிட்டுப் போ. மாலைக்குச் செலவழிச்சவனெல்லாம் வந்து தட்டுக் கேக்கப் போறான்."

அழகுமலை தட்டோடு அங்கேயே நின்றார். அம்மாவாசிதான் மறுபடி பேசினார்.

"ஏலே, ஒண்ணு யோசிச்சியா? நூத்தி முப்பத்தேழு பேரக் குத்தி மூணு பேரத் தேடுனாக. எனக்கு இந்த ரத்தம்னு எனக்கே தெரியாது. நாளைக்கு இன்னொருத்தி பிள்ள பெத்துக்கிட்டுக் கெடந்தா, மறுக்காவும் எழவுக் கூட்டத்தக் கூட்டியா தேடுவோம்? யாரு யாருக்கு என்ன ரத்தம்னு எழுதி வச்சா என்ன?"

அழகுமலைக்கு அப்போதுதான் வழி புலப்பட்டது. இந்த ஆளுக்கு நன்றியைத் தட்டில் வைத்துக் கொடுக்க முடியாது. அவர் சொன்னதைச் செய்து காட்டினால் ஒருவேளை வாங்கிக்கொள்வார். அன்றைக்கே செல்வினிடம் போய், நூற்று முப்பத்தேழு பேரின் பெயரும் ரத்தப் பிரிவும் குறித்த காகிதத்தை வாங்கினார். அதுதான் பிறகு அவர்கள் ஆரம்பித்த ரத்ததான மன்றத்தின் முதல் பதிவேடு.

மன்றமென்றால் பதிவு செய்ய வேண்டும், ஏழு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் வாத்தியார். அழகுமலை, அம்மாவாசி, பொன்னுராஜ், செல்வின், டாக்டர் ஜெபஷீலா, வாத்தியார் என்று ஆறு பேர் ஆயிற்று. ஏழாவதாகக் கடைவீதிப் பெரிய மனிதர் ஒருவரைப் போடலாமா என்று பேச்சு வந்தபோது டாக்டர் தடுத்தார். "யாரு உசுருக்காக இது ஆரம்பிச்சதோ அந்தப் பிள்ள இங்கன உக்காந்திருக்கு. அவ போடட்டும்." மாயக்காள் குழந்தையை அழகுமலையிடம் கொடுத்துவிட்டு, நிதானமாக, எழுத்துக் கூட்டாமல், அழகாகக் கையெழுத்துப் போட்டாள்.

'சின்னமனூர் குருதிக்கொடை நற்பணி மன்றம்' என்ற பெயரை எடுத்துக்கொண்டு 1998 தை மாதம் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த எழுத்தர் தாளைப் பார்க்காமலே, "எந்த நடிகருக்கு?" என்று கேட்டார். நற்பணி மன்றமென்றால் வேறு யாருக்கு இருக்கும்? "நடிகருக்கு இல்லீங்க, ரத்தத்துக்கு" என்றார் வாத்தியார். "ரத்தமா? படம் எப்ப வருது?" என்றார் அவர். அம்மாவாசி சத்தம்போட்டுச் சிரித்ததை அழகுமலை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார்.

ஆனால் மன்றம் ஆரம்பித்த வேகத்திலேயே கவிழ்ந்திருக்க வேண்டியது.

மாசி மாதம் தேவாரத்திலிருந்து வாழைத்தார் ஏற்றி வந்த லாரி புரண்டு, சுமை தூக்குபவர் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். ஓ நெகட்டிவ். அம்மாவாசியும் வாத்தியாரும் போன மாதம்தான் கொடுத்திருந்தார்கள்; பதிவேட்டில் மிச்சம் பொன்னுராஜின் பெயர்தான் இருந்தது. ஆனால் தோட்டத்தில் நிற்கிற மனுஷனுக்குப் போனா இருக்கிறது? அழகுமலை உடனே குழாயைக் கட்டினார். "திராட்சைத் தோட்டம் பொன்னுராஜ் அவர்கள்..."

அவ்வளவுதான். பொன்னுராஜின் மனைவி நடுத்தெருவில் மயங்கி விழுந்தார். தங்கச்சி தலைவிரி கோலமாக ஓடி வந்தார். பங்காளிகள் பாடை கட்டப் பச்சை ஓலைக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள். பொன்னுராஜ் மருந்தடிக்கிற பம்பை முதுகில் சுமந்தபடி வீட்டுக்கு வந்து, தன் வாசலில் இருந்த கூட்டத்தைப் பார்த்து, "யாருத்தா போயிட்டாக?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு வந்த கூச்சலில் மனைவிக்கு இரண்டாவது மயக்கம். செத்துப் பிழைத்த மனுஷனைக் கட்டிப்பிடித்த உறவுகள் ஒரு மணி நேரம் அவரை விடவில்லை. அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் அந்தச் சுமை தூக்குபவரின் உயிர் ஊசலாட ஆரம்பித்துவிட்டது. எப்படியோ காப்பாற்றினார்கள்.

அன்று சாயங்காலம் மன்றத்தில் யாரும் சிரிக்கவில்லை. "ஒங்க கொரலு கேட்டாலே சாவுன்னு ஊரு முடிவு பண்ணிருது அழகுமலை. வேற யாராச்சும் பேசட்டும்" என்றார் டாக்டர். அழகுமலை தலையைக் குனிந்துகொண்டார். நன்றியாகச் செய்ய வந்த வேலையில் தன் குரலே குறுக்கே நிற்கிறது என்றால் என்ன செய்வார்? ஒதுங்கிக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அம்மாவாசி முந்திக்கொண்டார்.

"அது ஆகாது. தெளிவான கொரலு அவனுக்குத்தான் இருக்கு. அவசரத்துக்கு அதுதான் வேணும். அவன் ரத்தத்துக்கு மட்டும் பேசட்டும். சாவுக்கு நான் பேசுறேன். எங் கொரலு வெளங்காமப் போனா என்ன கெட்டுப்போச்சு? செத்தவன் அவசரப்படவா போறான்?"

சொல்வது எளிது. சாவுச் செய்திதான் அழகுமலைக்கு நிச்சயமான தொழில். கல்யாணத்துக்குச் சீசன் உண்டு, சாவுக்கு ஏது? அதோடு, பெரிய வீட்டுக்காரர்கள் எல்லாம் 'எங்க ஐயாவுக்கு அழகுமலைதான் சொல்லணும்' என்று வந்து நிற்பதில் ஒரு பெருமையும் இருந்தது. மாயக்காளைப் பார்த்தார். அவள் குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி, "விடுங்க. நமக்குக் கஞ்சி கெடைக்கும்" என்றாள். இனிச் சாவுக்கு வாய் திறப்பதில்லை என்று அன்றைக்கு மன்றத்தின் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஊர் முதலில் திண்டாடித்தான் போயிற்று. அம்மாவாசி சொல்கிற சாவு யாருடையது என்று கண்டுபிடிக்க, ஆட்டோவின் பின்னாலேயே ஆள் ஓட வேண்டியிருந்தது. அழகுமலை ரத்தம் கேட்டுப் போகும்போது முதல் ஒரு வருஷம் யாராவது அழுதுகொண்டுதான் வெளியே வந்தார்கள். ஆனால் அவர் பிடித்த பிடியை விடவில்லை. 2001-இல் அவருடைய சொந்தத் தகப்பனார் இறந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. அம்மாவாசிதான் சொன்னார். மூன்று தடவை தனியாகச் சொல்லிப் பார்த்து, ஒவ்வொரு உறவின் பெயரையும் நிறுத்தி நிறுத்தி, ஊருக்கே விளங்கும்படி சொன்னார். அழகுமலை வாசலில் உட்கார்ந்து கேட்டார். அன்றும் நன்றி சொல்ல வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு ஊரின் காது மாறிவிட்டது. அழகுமலையின் குரல் கேட்டால் "என்ன குரூப்பு?" என்று கேட்கத் தொடங்கினார்கள். பதிவேடு ஐந்து நோட்டுகளாயிற்று. கம்பம், தேவாரம், போடியிலிருந்தெல்லாம் ஆள் வந்து கேட்டார்கள்.

மன்றத்தில் ஒரு விதி உண்டு. யார் ரத்தம் யாருக்குப் போனது என்று வெளியே சொல்லக் கூடாது. இதுவும் அம்மாவாசி வைத்ததுதான். டீக்கடையில் ஒருவர் இன்னொருவரைக் காட்டி 'இவன் உடம்புல ஓடுறது என் ரத்தம்' என்று சவடால் விட்ட அன்று, அவர் கொதித்துப் போய் அந்த விதியை எழுத வைத்தார். செல்வினின் நோட்டுப்படி அவர் தானே முப்பத்தாறு தடவை கொடுத்திருந்தார். ஓ நெகட்டிவை அவசரத்துக்கு எந்தப் பிரிவினருக்கும் ஏற்றலாம் என்று டாக்டர் சொல்வார். ஊரில் யாரோடும் ஒட்டாத மனுஷனின் ரத்தம் எல்லாரோடும் ஒட்டிக்கொண்டது. எவர் எவரோடு என்பது அவருக்கும் தெரியாது. மாயக்காளை மட்டும்தான் தெரியும், அவள் மன்றத்துக்கு முந்தியவள்.

2009 ஆவணியில் ஒரு காலை, அம்மாவாசி தூக்கத்திலேயே போய்விட்டார். டீக்கடைக்காரர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்பினார். ஒற்றை அறைக்குள் பாய், இரண்டு குழாய், டியூப்லைட்டுக் கட்டு. மன்றத்துக்காரர்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். ஊருக்குச் சாவு சொல்கிற ஆளே செத்துக் கிடந்தார். இனி யார் சொல்வது?

அழகுமலை விறுவிறுவென்று குழாயைக் கட்ட ஆரம்பித்தார்.

"நான் சொல்றேன். என்ன ஆனாலும் ஆகட்டும். இந்த ஒரு மனுசனுக்கு இல்லாத கொரலு எனக்கு எதுக்கு?" என்றார். பன்னிரண்டு வருஷமாகச் சொல்லாமல் விட்டதை, இப்போதாவது ஊரறியச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தவிப்பு. யாரும் தடுக்கவில்லை. பொன்னுராஜ்கூட "சொல்லட்டும்" என்றார்.

மாயக்காள்தான் மைக்கின் வயரைப் பிடித்தாள்.

"வேணாம். ஒங்க கொரலக் காப்பாத்தணும்னுதான் அந்த மனுசன் இத்தன வருசம் எழவு சொன்னாரு. இன்னிக்கு நீங்க சொன்னா, நாளைக்கு எவளுக்காச்சும் ரத்தம் கேக்கப் போகையில மறுபடி மாலையோட வருவாக. அவரு பாடுபட்டதெல்லாம் ஒரே நாள்ல போயிரும்."

"அப்ப யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

அவள் அதுவரை மைக்கைத் தொட்டதில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். அழகுமலை பக்கத்தில் ஆம்ப்ளிஃபையரை மடியில் வைத்துக்கொண்டார். வாத்தியார் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்: பெயர், இறந்த நேரம், எடுக்கும் நேரம். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர் என்று எழுத அவருக்கு ஒரு பெயரும் கிடைக்கவில்லை. மாயக்காள் தாளை ஒரு தடவை பார்த்தாள், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆட்டோ கடைவீதிக்குள் நுழைந்ததும் பேசினாள்.

"நான் மாயக்கா பேசுறேன். மைக்செட் அம்மாவாசி இன்னிக்குக் காலையில எறந்துட்டாரு. அவரு எனக்கு அண்ணன். எம் மக அபிதாவுக்குத் தாய்மாமன். என் ஒடம்புல அவரு ரத்தம் ஓடுது, அதனால சொல்றேன். இன்னும் முப்பத்தஞ்சு பேருக்கு அவரு குடுத்திருக்காரு. அது யாரு யாருன்னு எனக்குத் தெரியாது. ஒங்களுக்கும் தெரியாது. அவரு சொல்லக் கூடாதுன்னுட்டாரு. இந்த ஊர்ல ரத்தம் ஏத்திப் பொழச்சவுக யாரா இருந்தாலும், அவரு ஒங்களுக்கு அண்ணனா இருக்கலாம், தம்பியா இருக்கலாம். நாலு மணிக்கு எடுக்குறோம். வந்து நில்லுங்க. நாங்க ஒரு நாளும் அவருக்கு நன்றின்னு சொன்னதில்ல. சொல்ல விட மாட்டாரு. இன்னிக்குச் சொல்றோம்."

அழகுமலை அழுதுகொண்டே சத்தத்தைக் கூட்டினார். அதே வார்த்தைகளை அவள் ஒவ்வொரு தெருவிலும் சொன்னாள். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

நாலு மணிக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நிற்க இடமில்லை. உறவுக்காரர்கள் நிற்கிற தலைமாட்டுப் பக்கத்தில் மாயக்காளும் அழகுமலையும் அபிதாவும் நின்றார்கள். தேவாரத்துப் பக்கத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து, கூட்டத்தின் கடைசியில் தயங்கித் தயங்கி நின்றார். அழகுமலை அவரிடம் போனார்.

"நீங்க யாருன்னு தெரியலையே?"

"எனக்கு ரெண்டாயிரத்து மூணுல மூணு பாட்டில் ஏத்துனாக. யாரு குடுத்தாகன்னு தெரியாது. இவரா இருக்கலாம்ல? அதான் வந்தோம்."

அழகுமலை அவர் கையைப் பிடித்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், தலைமாட்டில், மாயக்காளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து இன்னொருவர் வந்தார். அப்புறம் இன்னொருவர். எடுக்கும்போது எண்ணிப் பார்த்தால், அந்த வரிசையில் முப்பத்தாறு பேருக்கு மேலேயே நின்றார்கள்.